ஒயரை வெட்டிய பிறகும் அடித்த மணி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பட்டப்பகலில், என் மேஜையில் நடந்தது. இன்றுவரை என் வலது கை பட்ட சாப்பாடு எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.

படுத்த படுக்கையாக இருப்பவர்கள் நர்ஸைக் கூப்பிடும் அழைப்பு மணிக்கு நான்தான் புரோகிராம் எழுதினேன். பட்டனை அழுத்தினால், உள்ளே இருக்கும் சிப் செய்கிற வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, நான் எழுதிய ஃபங்ஷனுக்கு ஓடி வரும். இதற்குப் பெயர் இன்டரப்ட். ஃபங்ஷன் மணியை அடித்து, நேரத்தைத் திரையில் காட்டும்.

'தானாக அடிக்கிறது' என்று ஒரு முதியோர் இல்லத்திலிருந்து ஒரு மணி திரும்பி வந்தது. கவரைப் பிரித்ததுமே நாற்றம் மூக்கில் ஏறியது. ஒயர் நுனியில் இருந்த ரப்பர் பட்டன் முழுக்கப் பழுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ... எதிர் மேஜை அண்ணன் மூக்கைப் பொத்தினார்.

"எலி செத்த நாத்தம்டா! நான் சாப்பிடப் போறேன். நீயே கட்டிக்கிட்டு அழு."

நேரம் 1:12. அறையில் நான் மட்டும்.

மின்சாரம் கொடுத்தேன். 1:14:05... டிங். யாரும் தொடவில்லை. உள்ளே ஈரம் கோத்திருக்கும் என்று பட்டன் ஒயரையே வெட்டினேன்.

1:16:20. டிங்.

புரோகிராமில் இன்டரப்டை அணைத்து, சிப்பில் மறுபடி ஏற்றினேன். இனி அந்த ஃபங்ஷனை எதுவும் கூப்பிட முடியாது.

1:21:33. டிங்... டிங்.

பட்டனைப் பார்த்தேன். ஒயர் அறுந்து கிடந்த அது, தானாக அமுங்கியது. மேலிருந்தும் கீழிருந்தும்... ஒரே நேரத்தில். ஓரத்தில் நுரை கசிந்தது.

ஸ்பிரிங் கோளாறாக இருக்கும் என்று விரலை வைத்தேன்.

வெதுவெதுப்பு.

ஈரம்.

ஏதோ விரலைச் சுற்றி மெல்ல மூடியது... சப்பியது.

உதறினேன். குப்பைத்தொட்டியில் வாந்தி எடுத்தேன். ஸ்பிரிட் ஊற்றித் தோல் எரியத் தேய்த்தேன். வழவழப்பு போகவே இல்லை.

அந்த இல்லத்துக்குப் போன் போட்டேன்.

"சிஸ்டர், இந்த மணியை யார் வச்சிருந்தாங்க?"

"மூணாம் ரூம்ல இருந்த பெரியவரு. கழுத்துக்குக் கீழ அசைவே கிடையாது. பல்லால கடிச்சுத்தான் அடிப்பாரு. ஓயாம அடிக்கிறாரேன்னு ஒருநாள் சத்தத்தை அணைச்சுட்டோம்... காலைல பாத்தா போயிட்டாரு. தாடையைப் பிரிச்சுத்தான் பட்டனை எடுத்தோம். சத்தத்தை மறுபடி வச்சதும், யாரும் தொடாமலே அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதான் அனுப்பினோம்."

விரலை மறுபடியும் சட்டையில் தேய்த்தேன். "கழுவினீங்களா?"

"எதுக்கு? ரிப்பேருக்குத்தானே போகுதுன்னு அப்படியே கவர்ல போட்டுட்டோம்."