உம்மு அலி கடைக்காரி சொன்ன பாதிக் கதை

கெய்ரோவில் கலீஃபா தெருவுக்குப் போய் இன்ஷிராஹ் வீடு எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். உம்மு அலி வீடு என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டே போய் விட்டுவிடுவார்கள். அலியின் அம்மா என்று அர்த்தம். அவளுக்கு அலியும் கிடையாது, வேறு பிள்ளையும் கிடையாது. ரொட்டித் தகடுகளைப் பிய்த்துப் போட்டு, கொதிக்கிற பாலை ஊற்றி, பாதாமும் உலர்திராட்சையும் தூவி, மண்சட்டியில் சுட்டெடுக்கும் இனிப்பின் பெயர் அது. இருபத்தெட்டு வருஷமாக அதைத்தான் விற்கிறாள். பிள்ளையில்லாதவளை அம்மா என்று கூப்பிடுவது முதலில் சுருக்கென்று குத்தியது. பிறகு பழகிவிட்டது. எதற்குத்தான் மனுஷி பழக மாட்டாள்.

கடைக்குப் பக்கத்தில் ராணி ஷகரத்துர் அடங்கிய குவிமாடம். பார்க்க வருகிறவர்கள் வெயிலில் காய்ந்துபோய்க் கடைக்குத்தான் வருவார்கள். வந்தவர்களைச் சும்மா விடமாட்டாள் இன்ஷிராஹ். சுல்தானுக்கு இரண்டாம் தாரமாக வந்து அவனைத் தன் கைக்குள் போட்டுக்கொண்ட ராணி, கடைசியில் குளியலறையில் ஆள் வைத்து அவனையே கொன்றாளாம். மூத்தவள்தான் உம்மு அலி. அவள் தன் பணிப்பெண்களை ஏவி ராணியைக் குளியல் கட்டைச் செருப்பாலேயே அடித்துக் கொன்று, அந்தச் சந்தோஷத்தில் ஊருக்கெல்லாம் இந்த இனிப்பைப் பங்கு வைத்தாளாம். ஒரு ஜோடிக் கட்டைச் செருப்பை எடுத்து மேசையில் பளார் பளார் என்று அடித்து அவள் சொல்கிற அழகுக்கே இன்னொரு சட்டி விற்கும்.

குளிர்காலக் கடைசியில் அவள் புருஷன் அப்துல் மவ்ஜூத் தச்சுப்பட்டறையில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். மூன்றாம் நாள் துக்கத்தில், யாருக்கும் தெரியாத ஒரு பெண் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். பெயர் ரஸ்மிய்யா. நைலுக்கு அக்கரையில் இம்பாபாவில் துணி தைக்கிறவள். வயிற்றில் ஐந்து மாதம். தானும் அவன் மனைவிதான் என்றாள். பதிவு செய்யாத கல்யாணம். இரண்டு பிரதிக் காகிதம், இரண்டு சாட்சி, அவ்வளவுதான். பதிந்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு பிரதியையும் அவனே வாங்கிப் போயிருக்கிறான். சாட்சிகளில் ஒருவன் லிபியாவுக்குப் போய்விட்டான். இன்னொருவன் அப்துல் மவ்ஜூதின் சொந்தத் தம்பி பரகாத்.

"எங்க அண்ணனுக்கு ஒரே பொண்டாட்டிதான். நீ யாரும்மா? வீடு மாறி வந்துட்டியா?" என்றான் பரகாத், கண் சிமிட்டாமல். பட்டறை முழுசாகத் தன் கைக்கு வரும் என்ற நினைப்பு அவனுக்கு.

ரஸ்மிய்யா யாருடனும் சண்டை போடவில்லை. வந்த வழியே போனாள். காகிதம் கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் கிடையாது என்பது அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு இத்திதாலுக்குத் தாங்கவில்லை. "அக்கா, செருப்பு உங்க கடையிலதான் இருக்கு. நாளைக்கு ஒரு பெரிய சட்டி போடுங்க, தெருவே வந்து தின்னுட்டுப் போறோம்."

இன்ஷிராஹும் சிரித்தாள். வியாழன்தோறும் மரம் வாங்கப் போனானாம், மரம்!

நாற்பதாம் நாள் கழிந்து, அவனுடைய குளிர்கோட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்தபோது உள்பையில் மொடமொடவென்று ஏதோ தட்டுப்பட்டது. இரண்டு பிரதியும் அங்கேயே இருந்தன. கீழே பரகாத்தின் கையெழுத்து, கோழி கிளறியதுபோல. பதியப் போவதாகச் சொன்னவன் பையைவிட்டே எடுக்கவில்லை. இரண்டு பெண்களுக்கும் அவன் செய்தது ஒரே காரியம்தான், ஒருத்தியிடம் சொல்வதையும் மற்றவளுக்குப் பதிவதையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டது.

இன்ஷிராஹ் அதை மடித்துத் தேயிலை டப்பாவுக்கு அடியில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அடுப்பில் போட்டால் ஒரு நிமிஷம். போடவும் இல்லை. மூன்று வாரம் தேநீர் போடும்போதெல்லாம் டப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

ஒரு திங்கட்கிழமை பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். இன்ஷிராஹ் வழக்கம்போலச் செருப்பை எடுத்து அடித்துக் கதையை முடித்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். பல் விழுந்த ஒரு சிறுமி மட்டும் கேட்டாள்: "அதுக்கு முன்னாடி அந்த ராணி என்ன பண்ணா, அத்தை?"

இன்ஷிராஹுக்குத் தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை.

கூட வந்த டீச்சர்தான் சொன்னாள். "அவளோட முதல் புருஷன் சுல்தான் ஸாலிஹ். சண்டை நடுவுல கூடாரத்துல செத்துட்டார். வெளிய தெரிஞ்சா படை சிதறிடும்னு அவ மூச்சு விடல. தினம் சாப்பாட்டுத் தட்டு உள்ள போகும், அவரு சாப்பிட்ட மாதிரி வெளிய வரும். படை ஜெயிச்சுது. அப்புறம் எண்பது நாள் அவளே ஆண்டா. உங்க ஊர்ல ஆம்பளை இல்லன்னா சொல்லுங்க, அனுப்பி வைக்கிறோம்னு பாக்தாத்துலேர்ந்து கலீஃபா கேலி பண்ணி எழுதினாராம்."

"அப்போ அவ எப்போ அழுதா?" என்றாள் அந்தச் சிறுமி.

டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கூட்டிப் போய்விட்டாள்.

அன்று மிச்சச் சட்டியை இன்ஷிராஹ் தீய விட்டுவிட்டாள். தனக்கு நாற்பது நாள் தெருவே சோறு கொண்டுவந்ததும், வாய்விட்டு அழ அழ இத்திதால் முதுகைத் தடவிவிட்டதும் நினைவுக்கு வந்தன. இம்பாபாவில் அந்தப் பெண் யாரிடம் போய் அழுதிருப்பாள்? புருஷன் என்று சொல்லவே வழியில்லாதவனுக்காக எப்படி அழுவது? கோபம் போய்விடவில்லை. கோபத்தோடுதான் டப்பாவைத் தூக்கினாள், காகிதத்தை எடுத்துக்கொண்டு, அதில் எழுதியிருந்த விலாசத்துக்குப் பஸ் ஏறினாள்.

ரஸ்மிய்யா கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். வயிறு இப்போது ஏழு மாதம். தையல் மிஷின்மேல் பாதி தைத்த குட்டிச் சட்டை கிடந்தது.

"அடிக்க வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"தெரு முழுக்க அதைத்தான் எதிர்பாக்குது. நகரு, படி ஏறி மூச்சு வாங்குது." உள்ளே போய் உட்கார்ந்தாள். "அவருக்காக அழுதியா?"

ரஸ்மிய்யா குட்டிச் சட்டையை மடித்து வைத்தாள். "குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன். இல்லன்னா பக்கத்துல கேக்கும்."

இன்ஷிராஹ் எழுந்துபோய்ச் சமையலறையில் குழாய் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். "இப்போ அழு. கேட்டா கேக்கட்டும். மூத்தவ வந்திருக்கேன், நான் பதில் சொல்லிக்கறேன்."

இருவரும் அழுதார்கள். ஒரே ஆளுக்காகத்தான் அழுதார்கள், நடுநடுவே அவனைத் திட்டியும் கொண்டார்கள். அதன் பிறகே ஒரு பிரதி கைமாறியது.

மறுநாள் பட்டறையில் பரகாத்தின் மூக்குக்கு நேராக இன்னொரு பிரதியை நீட்டினாள் இன்ஷிராஹ். "இது உன் கையெழுத்து இல்லன்னு இப்போ சொல்லு பாக்கலாம்."

"அண்ணி, இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"அதை நான் பாத்துக்கறேன். நீ கோர்ட்டுக்கு வா."

முனகிக்கொண்டே வந்து சாட்சி சொன்னான்.

பிறந்தது பெண். ஏழாம் நாள் சடங்கை இன்ஷிராஹ் தன் வீட்டிலேயே வைத்தாள். தெருப் பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் வந்தார்கள், பாதிப் பேர் வேடிக்கை பார்க்க. பிள்ளையைச் சல்லடையில் கிடத்தி, ரஸ்மிய்யா ஏழு தடவை தாண்டினாள். அடுத்தது பித்தளை உரலைப் பிள்ளையின் காதருகே இடித்துப் புத்தி சொல்லும் வழக்கம். அம்மா சொல்வதைக் கேள், அத்தை சொல்வதைக் கேட்காதே என்று கிண்டலும் கலந்து சொல்வார்கள். வழக்கமாகத் தகப்பனைப் பெற்றவள் செய்கிற வேலை. அவள் இல்லாததால் உலக்கை இன்ஷிராஹிடம் வந்தது.

"பாத்து அக்கா, இளையவ பிள்ளை காது," என்றாள் இத்திதால். இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள்.

ரஸ்மிய்யா தலையைக் குனிந்துகொண்டாள். இன்ஷிராஹ் அதைப் பார்த்தாள். உலக்கையை ஓங்கி ஒரு போடு போட்டாள்.

"உங்க அம்மா சொல்றதைக் கேளு," என்றாள் பிள்ளையிடம். மறுபடி இடித்தாள். "உங்க அம்மாவைப் பத்தி இந்தத் தெரு சொல்றதைக் கேக்காதே." மூன்றாவது முறை இடிக்காமல் உலக்கையைக் கீழே வைத்தாள். குனிந்து, அந்தச் சின்னக் காதுக்கு மட்டும் கேட்கிறாற்போலச் சொன்னாள்:

"என்னைக்காவது கோவத்துல பெரியம்மாவே சொன்னாலும் கேக்காதேடி கண்ணு."