விபோர்க் நீதிமன்றத்தில் ஒரு பகல்: அறுபத்துமூன்றாம் பிரிவு

2009 மே மாதக் கடைசி. வன்னியில் போர் முடிந்துவிட்டதென்று அறிவித்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. டேனிஷ் நகரான ஓகூஸில் எங்கள் மேல்மாடியில் குடியிருந்த தவராசா அண்ணையின் மேன்முறையீட்டுக்கு அந்தக் கிழமைதான் நாள் குறித்திருந்தார்கள்.

தாயில்லாத அவருடைய மகள் அபிநயா போர் நெருங்கும்வரை கிளிநொச்சியில் சித்தியோடு இருந்தாள். அவளை இங்கே அழைக்கப் போட்ட விண்ணப்பத்தை, காலம் தாழ்த்திக் கொடுத்ததாகச் சொல்லி ஒரு அரச அலுவலகம் மறுத்துவிட்டது. போரில் வன்னிப் பாதை பூட்டிக் கிடந்ததால்தான் பத்திரங்கள் நேரத்துக்கு வந்துசேரவில்லை என்பதை அங்கே யாரும் கவனிக்கவில்லை. டேனிஷ் மொழி தடக்கினால் கைகொடுக்க நானும் கூடப் போனேன்.

ஓகூஸிலிருந்து நீதிமன்றம் இருக்கும் விபோர்க் நகருக்கு 65 கிலோமீற்றர். காலை 7.32 ரயில், 8.42-க்கு இறங்கினோம். போய்வர அப்போது ஆளுக்கு 180 குரோனர். ஜன்னலுக்கு வெளியே கடுகுப் பூ மஞ்சளாய் விரிந்து கிடந்தது. அண்ணை அதைப் பார்க்கவேயில்லை. கையிலிருந்த தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளையிட்டையிருந்து ஒரு மாதமாய்க் கதை இல்லைத் தங்கச்சி. அவள் இருக்கிறாளோ எண்டே தெரியாமல் அவளுக்கு விசா கேட்டு வழக்காடப் போறன்."

நான் அவருடைய கோப்பை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

நிலையத்திலிருந்து நீதிமன்றம் கால்மணி நேர நடை. நான் நினைத்ததைவிடச் சின்ன அறை, மூன்று நீதிபதிகள். அரச தரப்புச் சட்டத்தரணி குரலைத் தாழ்த்தி, பிள்ளை இப்போது எங்கே என்று கேட்டார். அண்ணை எழுந்தார். "தெரியாது," என்றார் டேனிஷில். "ஆனால் வழக்கை நான் மீளப்பெற மாட்டேன்." தட்டச்சுச் சத்தம் சற்று நின்று, திரும்பத் தொடங்கியது.

இடைவேளையில் வாசல் வாங்கில் உட்கார்ந்து பாண் சாப்பிட்டோம். அண்ணை தன் சட்டத்தரணியிடம், நீதிபதிகள் பிள்ளையைக் கூப்பிட உத்தரவு போடுவார்களா என்று கேட்டார். அந்த டேனிஷ் பெண் இல்லையென்று தலையாட்டினார்.

அவர் விளக்கினார்: இந்த நாட்டில் மன்னரின் தனியாட்சி முடிந்து 1849-இல் வந்த அரசியல் யாப்பே, அதிகாரிகளின் அதிகாரம் எதுவரை என்று தீர்மானிக்கும் உரிமையை நீதிமன்றங்களுக்குக் கொடுத்துவிட்டது. இன்றைய யாப்பில் அது 63-ஆம் பிரிவு. அதிகாரிகளின் முடிவை நீதிமன்றம் திரும்பப் பார்க்கும் நீதிமுறை மீளாய்வு என்பதன் வேர் இங்கே அதுதான். அதே பிரிவின் அடுத்த வரி கண்டிப்பானது: வழக்குப் போட்டதாலேயே உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் இருந்துவிட முடியாது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையே செல்லாதென்று சொல்லும் அதிகாரம் யாப்பில் எழுதப்படவில்லை. அதை நீதிபதிகள் காலப்போக்கில் நடைமுறையாக்கினார்கள். மிக அரிதாகவே பயன்படுத்துகிறார்கள். அவர் சொன்ன இவ்வளவையும் நான் தமிழில் சொன்னேன்.

"எங்கட நாட்டிலை சட்டம் ஒருக்கா நிறைவேறினால் பிறகு ஒரு கோர்ட்டும் அதைத் தொடேலாது," என்றார் அண்ணை. "இஞ்சை பிழையெண்டாவது சொல்லுவினம், என்ன?"

"ஓம் அண்ணை. சொன்னால், அலுவலகம் திரும்ப யோசிக்கவேணும். அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' எனக்கே கசந்தது. அலுவலகத்தின் பேனாவை நீதிபதி வாங்கி எழுதுவதில்லை. எழுதியதைத் திரும்பப் படிக்கவைக்கிறார். பிள்ளையைத் தேடும் ஒரு தகப்பனுக்கு அது எம்மாத்திரம்?

இரண்டு கிழமை கழித்து போரில் தப்பியவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து அழைப்பு வந்தது. "அப்பா, சித்தி இல்லை. நான் மட்டும்தான்." அடுத்த கிழமை தீர்ப்பும் வந்தது: மறுப்பு செல்லாது, விண்ணப்பத்தைப் புதிதாகப் பரிசீலிக்கவேண்டும். அலுவலகம் பரிசீலித்தது. இம்முறை அனுமதித்தது.

இதுபோல் போக இருப்பவர்களுக்கு: வழக்கு விசாரணைகள் பெரும்பாலும் திறந்தவை, யாரும் பின்வரிசையில் இருந்து கேட்கலாம். அரைமணி முந்திப் போங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் எறியாதீர்கள். அதிலுள்ள காரணத்தைத்தான் நீதிமன்றம் படிக்கும். தீர்ப்பு வரும்வரை உத்தரவை மீறாதீர்கள். தனியாகப் போகாதீர்கள்.

அடுத்த வசந்தத்தில் பில்லுண்ட் விமான நிலையத்தில் நானும் நின்றேன். நாலு வயதில் விட்டுவந்த பிள்ளை பதின்மூன்று வயதில் கதவைத் தாண்டி வந்தாள். அங்கே காத்துநின்ற நாலைந்து தமிழ் ஆண்களின் முகங்களையும் ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள். பிறகு அண்ணைக்கு முன்னால் வந்து நின்று, மெதுவாகக் கேட்டாள்:

"நீங்களோ அப்பா?"