சுவர் நிறையக் கத்தி

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா, ஒருவர் இருந்தார். ஒட்டிய கன்னம், மெழுகிட்ட மீசை. கூடத்துச் சுவர் முழுக்கக் கத்தி மாட்டியிருந்தார். மலாய்க்காரர்களின் கிரிஸ் முதல் துரை கழித்துப்போட்ட வேட்டைக்கத்தி வரை. தினமும் எண்ணெய் போட்டுத் துடைப்பார். பெரிய வீரன் என்று நினைப்பு.

ஒருநாள் செமினியிலிருந்து முள்தோல் டுரியான் பழம் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பிளப்பதற்காகச் சுவரிலிருந்த ஒரு கத்தியில் கை வைத்தேன்.

"ஐயோ, தொடாதீங்க! கறை புடிச்சிடும்!"

அவர் மனைவி பக்கத்து வீட்டில் வெட்டுக்கத்தி இரவல் வாங்கிவந்தார். தினமும் காய் நறுக்குவதும் அதில்தானாம்.

சுளைகளை விழுங்கி முடித்த கிராணி, அந்தக் கத்தியைத் துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல பழைய இரும்பா இருக்கே! விலைக்குக் குடுப்பாங்களான்னு கேளேன்."

"இதையும் மாட்டிட்டா, நாளைக்கு நான் எதுல நறுக்குறது?" என்றார் அந்த அம்மாள்.

கிராணியின் காதில் அது விழவில்லை. ஆணி அடிக்கச் சுவரில் இடம் தேடிக்கொண்டிருந்தார்.