கல்லின் கீழ்ப்பாதி

கனெடிகட் ஆற்றங்கரையில் செத்தவர்களுக்கெல்லாம் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தவள் ஜெர்வையா டட்டில். பள்ளி ஆசிரியரான கணவன் இறந்தபோது பாதிரியார் எழுதித் தந்த கல்லறை வரிகள் அவளுக்குச் சகிக்கவில்லை. தானே எழுதினாள். அன்று பிடித்த சனி இருபது வருடமாக விடவில்லை. யார் கண்ணை மூடினாலும் கல்லுக்கு நான்கு வரி, வாரப் பத்திரிகைக்கு ஒரு பத்தி, எல்லாம் அவள் தலையில்தான்.

அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் பிந்தைய சாவுகள் அவளைப் பாடாய்ப் படுத்தின. மாவு வண்டி ஓட்டியவன்கூட, செத்த மறுநாள், பங்கர் ஹில் சண்டையில் முன்வரிசையில் நின்றவனாகிவிடுவான். மறுத்தால் குடும்பமே மூக்கைச் சிந்தும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுப்பாள்.

கேப்டன் லூமிஸ் செத்தபோதும் அப்படித்தான். மகன் எலிஃபலட், தகப்பன் போன சண்டைகளையெல்லாம் தாளில் எழுதி வந்தான். தம்பதிக்கு ஒரே கல் என்பது ஊர் வழக்கம். மேல்பாதி கணவனுக்கு, கீழ்ப்பாதி மனைவி போகும்வரை வெறுமனே நிற்கும். அன்று நான்கு வரி பதினொன்றாயிற்று. பொய் சொல்வானேன், அவளுக்கும் எழுத எழுத ஒரு மிதப்பு வந்துவிட்டது. சரட்டோகா சண்டைக்கு மட்டும் மூன்று வரி கொடுத்தாள். கல்லின் நீளத்தைப் போய்ப் பார்க்கவில்லை.

ஏழு வருடம் கழித்து, இந்த மார்ச்சில், கேப்டனின் மனைவி சப்மிட் இறந்தாள். அவள் மருத்துவச்சி, ஜெர்வையாவின் உயிர்த்தோழி. பனியிலும் வெள்ளத்திலும் குதிரையேறிப் போய்த் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள்.

"எனக்குப் பாட்டெல்லாம் வேணாம்டி. அந்தக் கணக்கை மட்டும் கல்லுல போட்டுரு" என்று கடைசி வாரத்தில் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். ஜெர்வையாவும் சத்தியம் செய்திருந்தாள்.

எட்டு வரி எழுதிக்கொண்டு இடுகாட்டுக்குப் போனாள். கல் செதுக்கும் ஒசையாஸ் தாளை வாங்கிப் பார்த்தான்.

"இதை எங்க வெட்டச் சொல்றீங்கக்கா? என் நெத்தியிலயா?"

அப்போதுதான் கல்லை உற்றுப் பார்த்தாள். கேப்டனின் சண்டைகள் கீழ்ப்பாதியிலும் இறங்கிப் புல் வரைக்கும் வந்திருந்தன.

"ஒரு வரிதான் நிக்கும்" என்றான் ஒசையாஸ்.

"இப்படி நீட்டி முழக்கித் தொலைச்சவ எவ?"

"நீங்கதான்."

எலிஃபலட்டிடம் போய் நின்றாள். அம்மாவுக்குத் தனிக் கல் வைக்கச் சொன்னாள்.

"அப்பா கல்லு இருக்கையில தனிக் கல்லா? ஊர் சிரிக்கும் சித்தி. 'அவர் மனைவி சப்மிட்'னு போட்டாப் போதாதா? எல்லாருக்கும் அப்படித்தானே போடுறாங்க?"

"உன் பிள்ளைங்க ஆறையும் வெளிய எடுத்தவ யாருடா?" என்று கத்தினாள். அவன் மரியாதையாக வாசல் வரை கொண்டுவந்து விட்டான். அந்த மரியாதைதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இடுகாட்டுக்கே திரும்பி நடந்தாள். ஒசையாஸ் உளியோடு காத்திருந்தான்.

"பேரா, கணக்கா? ரெண்டும் கொள்ளாதுக்கா."

ஜெர்வையாவுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"கணக்கைப் போடு. கால்மாட்டுல நடுற சின்னக் கல்லுல பேரோட முதலெழுத்து இருக்கும்ல?"

"இருக்கும்."

"எலிஃபலட் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

"நான் ஏன் உங்களை மாட்டிவிடுறேன்? என் நாலு பிள்ளைங்களும் அந்தக் கணக்குலதான் இருக்கு."

'அவர் மனைவி. 912 பிள்ளைகளை ஏந்தியவள்' என்று வெட்டினான். சத்தியம் காப்பாற்றப்பட்டது, சப்மிட்டின் பெயர்தான் போயிற்று. வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வீடு வந்தாள்.

ஜூனில் ஒரு கர்னல் செத்தார். அவர் மகன் நீளத் தாளோடு வந்தான்.

"எங்கப்பா போன சண்டை ஒம்பது. ஒண்ணுகூட விட்டுறக் கூடாதும்மா."

ஜெர்வையா பேனாவைத் தொடவில்லை.

"உங்கம்மா இருக்காங்களா?"

"இருக்காங்களே. நல்லா இருக்காங்க."

"அப்ப உங்கப்பாவுக்கு நாலு வரிதான்" என்றாள்.