அப்பாவுக்கு நீட்டிய முதல் கிளாஸ்

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு, சுவீடன்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தம்பி திண்டுக்கல் வந்தான். அவள் பெட்டியில் எங்களுக்கெல்லாம் துணிமணி இருந்தது, கூடவே ஒரு பாட்டில் சிவப்பு ஒயினும். பண்டிகைக் குளிருக்கு அவர்கள் ஊரில் அதை மசாலா போட்டுச் சூடாக்கிக் குடிப்பார்களாம். தன் அம்மா செய்வதுபோலவே எங்களுக்கும் செய்து தர வேண்டுமென்று ஆசை ஆசையாக வந்திருந்தாள்.

ஆனால் அப்பா குடியை விட்டுச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு மடக்கு உள்ளே போனால் பழைய ஆளாகிவிடுவார் என்று அம்மாவுக்குத் தீராத பயம். அதனாலேயே கிறிஸ்துமஸுக்குக்கூட எங்கள் வீட்டில் ஒயின் கிடையாது. மருமகளிடமோ அப்பாவுக்கு அல்சர் என்று தம்பி சொல்லி வைத்திருந்தான். கோயிலிலும் சொந்தபந்தத்திலும் அம்மா சொல்லிவந்த அதே பொய்தான். மானத்தைக் காப்பாற்ற எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

"வேணாம்னு எப்படிக்கா சொல்றது? அம்புட்டுத் தூரம் சுமந்துக்கிட்டு வந்திருக்கா" என்றான் தம்பி. சாயங்காலம் அப்பா தெரிந்த வீடுகளுக்குக் கேக் கொடுக்கப் போவார். அதற்குள் செய்து, குடித்து, பாத்திரத்தையும் கழுவிவிடுவது என்று முடிவானது.

பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஆரஞ்சுத் தோல் என்று அவள் போடப் போட, "பிரியாணிச் சாமான் பூராம் இதுக்குள்ளதான் போகுது" என்றார் அம்மா. கொதித்துவிடக் கூடாது என்று மருமகள் அடுப்பைக் குறைப்பாள். கசாயம் கொதிக்காமல் எப்படி என்று அம்மா கூட்டுவார். இந்த இழுபறியில் நேரம் போனதே தெரியவில்லை. திராட்சையும் பாதாமும் போட்ட கிளாஸ்களில் அவள் ஊற்றிக்கொண்டிருந்தபோது அப்பா வாசலில் செருப்பைக் கழற்றினார்.

காலையில் கேக் வெட்டியபோது, முதல் துண்டு வீட்டுப் பெரியவருக்கு என்று அவளுக்குச் சொல்லியிருந்தோம். அல்சர் என்றாலும் மரியாதைக்கு ஒரு வாய்தானே என்று நினைத்தாளோ என்னவோ, அவள் முதல் கிளாஸை எடுத்துக்கொண்டு நேரே போய், "அப்பா" என்று நீட்டினாள். அவரும் வாங்கிவிட்டார். கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி பதறிப்போய் ஆங்கிலத்தில் மறுபடியும் அல்சர் கதையை ஆரம்பித்தான்.

"ஏலே, நிப்பாட்டு. உங்கப்பன் குடிகாரன்னு சொல்லு. ஒரு வாய் குடிச்சா நிறுத்த மாட்டான்னு சொல்லு" என்றார் அப்பா.

தம்பி என்னைப் பார்த்தான்.

"சொல்லுலே. அது நம்ம வீட்டுப் புள்ள. அதுக்கிட்ட என்ன பொய்?"

தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவள் முகம் சிவந்துவிட்டது. கிளாஸை இரண்டு கையாலும் வாங்கிச் சட்டியிலேயே ஊற்றினாள். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "அப்பா, காபி?" என்றாள்.

"போடும்மா" என்றார் அப்பா.

அவர் குடித்த காலத்தில், அக்கம்பக்கத்துக்குக் கேட்டுவிடக் கூடாதென்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதவர் அம்மா. அன்றைக்கு மருமகளின் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். வாசல் கதவு திறந்தே கிடந்தது.