தின்னர் அறையில் ஆயுத பூஜை

வில்லியனூரைத் தாண்டி நெல் வயல்களுக்கு நடுவே ஒரு தின்னர் கம்பெனி இருக்கிறது. பெயிண்டில் கலக்கும் அதே தின்னர்தான். நான் அங்கே எலக்ட்ரீஷியன். என் மனைவிக்கும் அங்கேதான் வேலை, ஃபில்லிங் ரூமில். பேரலில் இருந்து டின்களில் தின்னரைப் பிடித்து மூடி போடும் அறை அது. அவளோடு சேர்த்து எட்டுப் பெண்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இடத்தில் வேலை பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பாகூரில் எங்கள் தெருக்காரர்கள் சொல்வார்கள். காலையில் வீட்டில் பாதியில் விட்ட சண்டையைக் கம்பெனி கேட்டில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்பதைத் தவிர, அதில் நான் வேறு நன்மை எதையும் கண்டதில்லை.

அந்த அறையில் தின்னர் ஆவி எந்நேரமும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்குத் தெரியும், அதுவும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மட்டும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். ஒரு பொறி பட்டால் போதும். அதனால்தான் அங்கே லைட், சுவிட்சு, ஃபேன் மோட்டார் எல்லாமே ஃபிளேம் ப்ரூஃப். வீட்டுச் சுவிட்சு மாதிரி நினைத்துவிடக் கூடாது. வார்ப்பு இரும்புப் பெட்டி, தூக்கி மாட்ட இரண்டு ஆள் வேண்டும், மூடியைச் சுற்றி வரிசையாக போல்ட்டு இருக்கும்.

பெயரைக் கேட்டதும் எல்லாரும் தப்பாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். அந்தப் பெட்டி அறைக்குள் நெருப்பே வராமல் தடுக்காது. ஆவி அதற்குள்ளும் நுழையும். உள்ளே சுவிட்சு பொறி விடும், டப்பென்று வெடிக்கவும் செய்யும். பெட்டியின் வேலையே அதற்குப் பிறகுதான். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே மயிரிழை அளவுக்கு ஓர் இடுக்கு உண்டு. உள்ளே வெடித்த நெருப்பு அந்த இடுக்கு வழியாக இரும்பை உரசிக்கொண்டு வெளியே வருவதற்குள் சூடு தணிந்து வெறும் காற்றாகிவிடும். வெளியே இருக்கும் ஆவிக்கு நடந்த விஷயமே தெரியாது. கோபத்தை இப்படி உள்ளேயே முடித்துக்கொள்ளும் வேறொரு பிறவியை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே அந்த வசதி கிடையாது.

இதை முதலாளியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. நல்ல மனுஷன்தான், சம்பளம் தள்ளிப்போகாது, யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் அவருக்கு அந்தப் பெட்டி ஒரு காவல் தெய்வம். கொண்டுவந்து மாட்டியாகிவிட்டது, இனி அது பார்த்துக்கொள்ளும். வருகிறவர்களை எல்லாம் அழைத்துப் போய்க் காட்டி, "ஃபுல்லா ஃபிளேம் ப்ரூஃபு. இங்க நெருப்பே பத்தாது" என்பார். அப்படிக் கேட்ட ஒரு வாடிக்கையாளர், அந்த வாசலில் நின்றே சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தார். விரட்டியது நான். அவரிடம் மன்னிப்புக் கேட்டது முதலாளி.

நான் இல்லாத நாளில் வெளியாள் யாராவது வந்து பெட்டியைத் திறந்தால், மூடும்போது மூலைக்கு ஒரு போல்ட்டோடு திருப்திப்பட்டுக்கொள்வார்கள். ஒருவனைப் பிடித்துக் கேட்டேன். "பஸ்ஸு சக்கரத்துக்கே இவ்ளோ போல்ட்டு இல்லண்ணா" என்றான். பஸ் சக்கரத்துக்குள் வெடி வெடிக்காது என்று அவனுக்கு யார் எடுத்துச் சொல்வது?

ஆயுத பூஜை வந்தால் எங்கள் கம்பெனியில் எந்த இரும்பும் தப்பாது. கழுவி, பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்துவிடுவார்கள். அந்த வருஷம் பூஜைக்கு முன்னால் நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். பூஜை அன்று காலையில் போய்ப் பார்த்தால், ஃபில்லிங் ரூம் சுவிட்சுப் பெட்டி கல்யாணப் பெண் மாதிரி நிற்கிறது. வெளியே பளபளவென்று பச்சைப் பெயிண்ட். அதோடு விட்டிருக்கலாம். மூடியைக் கழற்றியபோது உள்விளிம்பு மட்டும் வெறும் இரும்பாக இருந்ததாம், பார்க்க நன்றாக இல்லையாம், அதற்கும் தாராளமாக அடித்திருந்தார்கள். இரும்பு இரும்போடு உட்கார வேண்டிய இடத்தில் இப்போது கட்டி கட்டியாகப் பெயிண்ட். மூடிய மூடி சரியாக உட்காராமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அந்த வாய்க்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பாதி போல்ட்டைக் காணோம். பேரல்களுக்கு நேர் மேலே சீரியல் செட் வேறு மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது.

வெளியே போய் அந்த அறைக்கு வரும் கரண்ட்டை மெயினிலேயே நிறுத்திவிட்டு வந்து, சீரியல் செட்டைப் பிடுங்கி எறிந்தேன். அதைக் கட்டியது என் மனைவியும் அவளுடைய கூட்டாளிகளும்தான் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பிடுங்கியிருப்பேன்.

"இன்னாயா நீ, நல்ல நாளும் அதுவுமா வந்து பேயாட்டம் ஆடற?" என்றாள்.

"தரை இன்னாடி இப்பிடி மினுக்குது?" என்று கேட்டேன்.

"பெயிண்ட்டு கறை போவலன்னு தின்னர் ஊத்தித் தொடச்சோம். சாமி வர்ற எடம் சுத்தமா இருக்க வாணாமா?"

மூச்சை இழுத்துப் பார்த்தேன். அறையே தின்னராக இருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை. ஓடினால் விளக்கு அணைந்துவிடும் என்று அதை விடியற்காலையிலேயே நிறுத்திவிட்டார்களாம். ஆவியை வெளியே தள்ள இருந்த ஒரே வழியையும் அடைத்து, தரை முழுக்கத் தின்னர் ஊற்றி, எட்டுப் பெண்களும் புதுப்புடவை கட்டி வரிசையாக நின்றார்கள். நடுவே பூசாரி வாழை இலை போட்டு, தட்டில் சூடத்தைக் குவித்துக்கொண்டிருந்தார். விளக்கில் திரி போட்டு எண்ணெய் ஊற்றியாகிவிட்டது, ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

முதலாளியிடம் ஓடினேன். பட்டு வேட்டியில் இருந்தார்.

"சார், பூஜைய கேட்டாண்ட வெச்சிக்கலாம் சார். அந்த ரூம்ல நெருப்பு கூடாது."

"லட்சுமி வர்ற எடமே அந்த ரூம்தான்யா. அங்க வெக்காம கேட்டுல வெச்சா வாட்ச்மேனுக்குத்தான் பலன்."

"சூடம் ஏத்துனா பத்திக்கும் சார்."

"அது நெருப்பாய்யா? சாமி. அதுவும் இல்லாம, ஃபிளேம் ப்ரூஃபு போட்டுத்தான வெச்சிருக்கோம்?"

உலகத்திலேயே பாதுகாப்பான சுவிட்சை வாங்கி மாட்டிவிட்டு, நெருப்பைத் தட்டில் வைத்துக் கையால் எடுத்துக்கொண்டு போகிறவரிடம் என்னதான் பேசுவது? பெட்டி தன் வயிற்றுக்குள் வெடிப்பதைத்தான் அடக்கும், தட்டில் எரிவதை அல்ல என்றேன். "அபசகுனமா பேசாதய்யா" என்று சொல்லிவிட்டு அவர் அந்த அறையை நோக்கி நடந்தார்.

நான் குறுக்கே ஓடிப் போய் என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தேன். "வெளிய வா. கேள்வி கேக்காம வா." அவள் உதறிவிட்டாள். மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். அவளை எப்படியோ இழுத்துப் போயிருந்தாலும் அந்த ஏழு பேரை என்ன செய்வது? தினமும் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துக் கேலி பண்ணும் பெண்கள். அப்போது எனக்கு அழுகை வந்தது. இவள் இல்லாமல் நான் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவேன், யாரோடு சண்டை போடுவேன் என்றெல்லாம் தோன்றியது. அவளிடம் இதைச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பாள்.

பூசாரி தீப்பெட்டியைக் கையில் எடுத்தார். வழக்கமாகச் சொல்வதை உரக்கச் சொன்னார். "தீட்டு இருக்கறவங்க யாராச்சும் இருந்தா இப்பவே வெளிய போயிடுங்க."

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். சுவிட்சுப் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். சந்தனம் சட்டையெல்லாம் அப்பியது.

"இருக்கு பூசாரி. எனக்குத்தான். எங்க பெரியப்பா போயிட்டாரு. இப்பதான் போன் வந்துது."

பூசாரி தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். இத்தனை நாள் நான் கத்தி நடக்காத காரியம், செத்த பெரியப்பாவால் ஒரு நொடியில் நடந்துவிட்டது. அந்த அறைக்குள் யாரும் போன் கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்டவனே நான்தான், என் போன் வெளியே ஆணியில் தொங்கும் பையில் கிடந்தது. அங்கே யாருக்கும் அது உறைக்கவில்லை, ஒருத்தியைத் தவிர. என் மனைவி வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"தீட்டுப்பட்ட எடத்துல வெக்க முடியாதுங்க. கேட்டாண்ட வெச்சிக்கலாம்" என்று பூசாரி முதலாளியிடம் சொன்னார். முதலாளி சாஸ்திரத்தை எதிர்த்துப் பேச மாட்டார். இலை, விளக்கு, தட்டு, பூசணிக்காய் எல்லாம் கேட்டுக்குப் போயின. சுண்டலுக்கு மட்டும் தீட்டு இல்லையாம். சாவுச் செய்தி காதில் விழுவதற்கு முன்னாலேயே அவித்ததாயிற்றே. சாஸ்திரத்தில் இடுக்கு பெரிதாக இருந்தால் யாருக்கும் ஆபத்தில்லை.

தீட்டுக்காரர்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம், வரப்போரத்தில் நிறுத்தப்பட்டோம். அவள் புதுப்புடவையில் நின்றாள்.

"சாமிக்கு நான் கட்டுன பூவு, நான் அவிச்ச சுண்டலு. நான் தெருவுல நிக்கறன். உசுரோட இருக்கற மனுசன சாவடிச்சிட்டியே, ஒன் நாக்கு அழுவிப்போவாதா?"

"போவட்டும்" என்றேன்.

அங்கே பூஜை முடிந்தது. பூசணிக்காயின் மேல் சூடத்தை ஏற்றி, கம்பெனிக்குச் சுற்றிக் காட்டி, கேட்டுக்கு முன்னால் ஓங்கி உடைத்தார்கள். ஒரு துண்டு எரிகிற சூடத்தோடு சுவரோரம் உருண்டு போனது. காலையில் பெருக்கித் தள்ளிய குப்பை அங்கே கிடந்தது. புஸ்ஸென்று ஒரு சத்தம். கேட்டு உயரத்துக்கு நெருப்பு எழும்பியது. பூசாரி தோளில் கிடந்த துண்டை விட்டுவிட்டு ஓடினார். கம்பெனி லாரி டிரைவர் மண்ணை அள்ளிக் கொட்டினார். அது அடங்கியதும் எல்லாரும் கை தட்டினார்கள். "ஊர்க் கண்ணு எல்லாம் பத்திகினு போச்சு பாரு!" என்று முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

என் மனைவி மட்டும் கை தட்டவில்லை. கறுகிக் கிடந்ததையே பார்த்தாள்.

"அது நாங்க தரை தொடச்ச துணிதான்யா" என்றாள்.

வண்டியை எடுத்தேன். பாகூர் வரும்வரை அவள் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. நல்ல மனுஷன் என்றுதான் முன்பே சொன்னேனே, அன்றைக்கு அது என் போதாத காலம். முதலாளி பெரிய ரோஜா மாலையோடு இறங்கினார். தெருவில் பந்தலும் இல்லை, பறையும் இல்லை. பக்கத்து வீட்டு வாசலில் கரும்புக் கொல்லையில் இருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டார்.

"ஏங்க, எலக்ட்ரீஷியனோட பெரியப்பா தவறிட்டாராமே, வூடு எதுங்க?"

"அந்தப் பெரியப்பா நாந்தாங்க" என்றார் அவர். "டேய், இங்க வாடா! நான் என்னிக்கிடா செத்தன்?"

நான் வெளியே வந்தேன். "எனக்கு ஆயுச கூட்டிட்டடா" என்று பெரியப்பா சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"பூஜைய கெடுக்கப் பொய் சொன்னியாய்யா? சாமி விஷயத்துல வெளயாடறவன் என் கம்பெனிக்கு வாணாம். நாளைலேர்ந்து வராத."

நான் பெட்டி, இடுக்கு, ஆவி என்று மறுபடி ஆரம்பித்தேன். அவர் காருக்குத் திரும்பினார்.

"நீ சும்மா இருய்யா" என்று பின்னால் குரல் கேட்டது. என் மனைவி முன்னால் வந்து அவருக்கு எதிரே நின்றாள்.

"மொதலாளி, காலைல கேட்டாண்ட அப்பிடி எரிஞ்சது நாங்க தரை தொடச்ச ஒரே ஒரு துணிதான். அத்த நனச்ச தின்னர்லதான் எங்க ரூமு தரைய பூரா கழுவி வெச்சிருந்தோம். நாங்க எட்டு பேரும் அது மேலதான் நின்னுகினு இருந்தோம். தட்டப் புடிக்க நீங்க வந்துகினு இருந்தீங்க. இவரு வாயில பொய்யி வரலன்னா, அத்தினி பேருக்கும் யாரு மாலை வாங்கியாந்திருப்பா?"

முதலாளி காருக்குப் போகவில்லை. கையில் இருந்த மாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவந்து கொடுத்த சொம்பைக் காலி பண்ணிவிட்டு, "நாளைக்கு வந்து அந்தப் பெட்டிக்கு மொத்த போல்ட்டையும் போடுய்யா" என்றார்.