நாற்பது குப்பிகளும் ஒரு கொப்பியும்

பல்கலைக்கழகத்தில் இறுதி வருட ஆய்வுக்கு என்னோடு படித்த ஒருத்திக்கு மழைக்காடு கிடைத்தது, இன்னொருவனுக்குப் பவளப்பாறை. எனக்குக் கொழும்பின் நாற்றம் பிடித்த கால்வாய்கள். தமிழ்ப் பிள்ளை, யுத்த நேரத்தில் வெளியூர் போவதென்றால் பாதுகாப்பு அனுமதிக்கு அலைய வேண்டி வரும் என்று என் விரிவுரையாளர் நல்ல மனதோடு தெரிந்தெடுத்துத் தந்தது அது. கால்வாய் என்றால் பாலம், பாலம் என்றால் துவக்கோடு காவல் நிற்கும் சென்ட்ரி என்பதை அவர் யோசிக்கவில்லை. அந்த அம்மா சிங்களவர். அப்படி யோசிக்க வேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை.

தேட வேண்டியது நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த ஒரு சின்ன மீனை. வெள்ளவத்தைக் கால்வாயில் இருப்பதும் கிருலப்பனை, தெமட்டகொடைப் பக்கம் இருப்பதும் ஒன்றோடொன்று கலந்து பெருகுகின்றனவா, இல்லை இடையில் உள்ள மதகுகள் அவற்றைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்துவிட்டனவா என்பதுதான் கேள்வி. வாலில் ஒரு துணுக்கை வெட்டி எடுத்துக்கொண்டு மீனைத் திரும்ப விட்டுவிடலாம். ஆய்வுகூடத்தில் அந்தத் துணுக்கிலிருந்து மரபணுவைப் பிரித்து ஜெல்லில் ஓடவிட்டால் கோடு கோடாக விழும். ஒரே கூட்டத்து மீன்களுக்குக் கோடுகள் ஒத்துப்போகும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அடையாள அட்டை கேட்காமலே எவர் எந்த ஊர் என்று சொல்லிவிடுகிற படிப்பு.

துணுக்கைக் கெடாமல் ஸ்பிரிட்டில் போட்டு வைக்கும் குப்பி சுண்டுவிரலில் பாதி. பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும் என்பதால், பென்சிலால் ஒரு எண்ணை மட்டும் சின்னக் கடதாசியில் எழுதி உள்ளே போடுவோம். அந்த எண் எந்த இடத்து மீன் என்பது குறிப்புக் கொப்பியில்தான் இருக்கும். இடம் தெரியாத மீனைத் தன்னிடம் கொண்டுவர வேண்டாம் என்று விரிவுரையாளர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

நானும் விழுந்து விழுந்து எழுதினேன். கால்வாயின் வரைபடம் கீறி, பாலங்களுக்கு இலக்கம் போட்டு, ரயில் பாதையிலிருந்து எத்தனை அடி என்று காலால் அளந்து குறித்தேன். கையில் பல்கலைக்கழகக் கடிதம் இருந்தும் எல்லாச் சென்ட்ரியும் கால்வாயில் இறங்க விடமாட்டான். கிருலப்பனையில் ஒருவன் மட்டும் கடிதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு விடுவான். அவன் எந்தக் கிழமையில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நிற்பான் என்பதையும் எழுதி வைத்தேன். நல்ல மனிதன் நிற்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான். அது வெளியே எப்படித் தெரியும் என்று ஒரு நாளும் எனக்கு உறைக்கவில்லை. நாற்பது குப்பி சேர்த்த பெரிய விஞ்ஞானி!

உறைத்தது ஒரு விடியற்காலையில். வெள்ளவத்தையில் ஒரு குறுகிய ஒழுங்கையில், ஓர் அன்ரியின் வீட்டில் அறை எடுத்திருந்தேன். அன்ரி கதவைத் தட்டினார்.

"பிள்ளை, எழும்புங்கோ. ஒழுங்கை முழுக்க ஆமி. ஐசி கார்டை எடுத்து வையுங்கோ. கடதாசி கிடதாசி ஏதும் கிடந்தா பாருங்கோ."

வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு என்றால் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் இது. பொலிஸ் பதிவுப் படிவம் மேசைக்கு வரும், பழைய கடிதங்கள் அடுப்புக்குப் போகும். அடுத்த ஒழுங்கையில் முன்பொருமுறை ஒரு பெடியனைச் சட்டைப்பையில் கிடந்த ஒரு தொலைபேசி இலக்கத்துக்காகக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வர எட்டு மாதம். நான் கொப்பியைத் திறந்தேன். பாலங்கள், ரயில் பாதை, அடிக்கணக்கு, காவலாளியின் நேரம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவளின் கையெழுத்தில். பாலத்துக்குக் குண்டு வைக்கப் போட்ட திட்டம் போலவே இருந்தது.

"அன்ரி, இது படிப்புக் கொப்பி..." என்று காட்டினேன். அன்ரி ஒரு பக்கம்தான் பார்த்தார்.

"ஐயோ பிள்ளை, உங்களுக்கென்ன விசரே? அவங்கள் வரமுந்தி இல்லாமல் செய்யுங்கோ!"

அடுப்பில் போட்டால் புகை மணக்கும் என்று குளியலறைக்குள் ஓடினேன். கொப்பியைக் கிழித்துக் கிழித்துக் கக்கூசுக்குள் போட்டுத் தண்ணீரை இழுத்தேன். பாதி போனது. மீதி சுழன்று சுழன்று மேலே வந்தது. தொட்டி நிரம்பவே மாட்டேன் என்றது. பக்கத்து வீட்டுக் கேற் திறக்கும் சத்தம் கேட்டது. வாளியால் அள்ளி ஊற்றினேன். ஒரு துண்டு போகாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. கையை விட்டுத் தள்ளினேன், அழுதுகொண்டே.

அவர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் அடையாள அட்டைகளைப் பார்த்தான். இன்னொருவன் என் அறைக்குள் வந்து மேசையில் இருந்த குப்பித் தட்டைத் தூக்கினான். இருபது வயது இருக்கும்.

"மே மொனவாத நங்கி?"

இதெல்லாம் என்ன தங்கச்சி என்றுதான் கேட்டான். "மாளு... கெம்பஸ் எகட்ட" என்றேன். மீன், பல்கலைக்கழகத்துக்கு. ஜன்னலோரம் ஒரு போத்தலில் முழு மீன் ஒன்றை ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருந்தேன். அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"மே நலஹந்தயா நே!"

அந்த மீனின் சிங்களப் பெயர் அது. தங்கள் ஊர் வயல் வாய்க்காலில் கையாலேயே பிடிப்போம் என்று மற்றவனிடம் சொன்னான். பிறகு என்னைப் பார்த்து, "கொஹெந்த அல்லுவே?" என்றான். எங்கே பிடித்தாய்? சும்மா, ஆசையாகக் கேட்ட கேள்வி. பாலம் என்ற சொல் வாயில் வந்துவிடக் கூடாதே என்று, மறந்துபோச்சு என்றேன். அவன் போத்தலைக் கவனமாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

நாற்பது குப்பிகளும் அப்படியே இருந்தன. ஒன்று முதல் நாற்பது வரை வெறும் எண்கள்.

விரிவுரையாளரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். கத்தியிருப்பார், பிறகு திரும்பப் பிடிக்கச் சொல்லியிருப்பார். ஆனால் ஏன் கிழித்தாய் என்று கேட்பாரே? காவலாளியின் நேரத்தை எழுதி வைத்திருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அவர் யாரிடமாவது சொன்னால்? அந்தப் பாலங்களுக்குத் திரும்பப் போக என்னால் முடியவும் முடியாது. தூரத்தில் சென்ட்ரியைக் கண்டாலே வேறு வழியால் திரும்பிவிடுவேன்.

புதுக் கொப்பி ஒன்று வாங்கினேன். முதல் இரண்டு நாளில் பிடித்த பதினாறும் நன்றாக நினைவிருந்தன. ஒரே நாளில் இரண்டு இடம் போனவை குழம்பின. குழம்பியவற்றை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாகப் பிரித்து எழுதினேன். விரிவுரையாளர் பார்த்துவிட்டு, இந்த வருடம் வந்த கொப்பிகளிலேயே இதுதான் சுத்தமானது என்றார். வெட்கம் வரவேண்டிய இடம். எனக்கு வந்தது நிம்மதி.

நேர்முகப் பரீட்சையில் வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஜெல் படத்தில் ஒரு வரிசையில் விரலை வைத்தார். இருபத்து மூன்றாம் எண். கொப்பிப்படி தெமட்டகொடை மீன். கோடுகளோ வெள்ளவத்தை மீன்களுடையவை. இத்தனை மதகுகளைத் தாண்டி இது எப்படி அங்கே போனது என்று கேட்டார். பிடிபட்டேன் என்றே நினைத்தேன். வாய் தானாகப் பேசியது: பெருமழையில் கால்வாய் பெருகும்போது தண்ணீர் மதகுக்கு மேலால் பாயும், அப்போது போயிருக்கலாம். அவர் தலையாட்டினார். நல்ல அவதானிப்பு, முடிவுரையில் சேர்த்துக்கொள் என்றார். சேர்த்தேன். நல்ல புள்ளியும் கிடைத்தது.

அது வெள்ளவத்தை மீன், என் பயம்தான் அதைத் தெமட்டகொடையில் கொண்டுபோய் விட்டது என்று பல வருடம் நம்பியிருந்தேன். இப்போது அதுவும் நிச்சயமில்லை. உண்மையிலேயே அதைத் தெமட்டகொடையில்தான் பிடித்தேனோ என்னவோ. அப்படியானால் மீன்கள் மதகைத் தாண்டிப் போகின்றன என்ற ஒரேயொரு விஷயத்தை நான் என் வாழ்க்கையில் கண்டுபிடித்திருக்கிறேன். அதை நம்ப முடியாத ஒரே ஆள் நான்தான்.